வர்க்கி, டீ, சாக்லேட், தண்ணி பாட்டில்: மலையில சாப்பாட்டு யாவாரம் ஏன் இப்படி மாறுது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குன்னூர்ல எங்களுக்கு ஒரு சின்ன கடை. டீ, வர்க்கிங்கற மொறுமொறு பிஸ்கட், பன், சீசன்ல கொஞ்சம் சாக்லேட், அவ்வளவுதான். மாமனார் ஆரம்பிச்சது, இப்ப நானும் வீட்டுக்காரரும் பாத்துக்கறோம். டூரிஸ்டும் சரி, கடை போடணும்னு ஆசைப்படற பசங்களும் சரி, ஒரே கேள்வியை தினம் பத்து பேர் கேக்குறாங்க, டீ ஆத்திக்கிட்டே பதில் சொல்லி மாளல, அதான் எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். "இப்ப என்னக்கா ட்ரெண்டு"ன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது கம்மி. ட்ரெண்டு ரீல்ஸ்ல வருது, ரீல்ஸோட போகுது. எங்க கடையை மாத்துனது எல்லாம் எங்கேயோ ஏறுற விலையும், மேல இருந்து வர்ற ரூலும், இந்த மலை ரோடும்தான்.

ஊட்டி வர்க்கி விலை ஏறிக்கிட்டே போகுதே, மைதா அப்படி ஒண்ணும் ஏறலையே?

மைதா இல்லைங்க, டால்டா. வர்க்கி அடுக்கடுக்கா உரியுதே, அந்த அடுக்குக்கு நடுவுல போறது அதுதான். நெய் போட்டு செய்யறவங்களும் இருக்காங்க, அதோட விலையே வேற. டால்டாவுக்கு மூலம் பெரும்பாலும் பாமாயில், பாமாயில் வர்றது இந்தோனேசியா மலேசியா பக்கம் இருந்து. 2022 ஏப்ரல் கடைசில இந்தோனேசியா தன் ஊர்லயே எண்ணெய் விலை ஏறுதுன்னு ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு, மொத்தமே மூணு மூணரை வாரம்தான், ஆனா அந்த மூணு வாரத்துல எங்களுக்கு டின் விலை தினம் ஒரு விலை, காலையில போன் பண்ணி கேட்ட ரேட்டு சாயங்காலம் லோடு வரும்போது இல்ல. அப்புறம் 2024 செப்டம்பர்ல நம்ம அரசாங்கம் இங்க இருக்கற எண்ணெய் வித்து விவசாயிங்களுக்காக இறக்குமதி வரியை ஏத்துச்சு, கச்சா பாமாயிலுக்கு எல்லாம் சேத்து 5.5 சதவீதம் இருந்தது ஒரே ராத்திரில 27.5. 2025 மே கடைசில 16.5க்கு இறக்குனாங்க. இறங்கினப்ப டின் விலை இறங்குச்சான்னு கேட்டா, ஏறுன வேகத்துல இறங்கலைன்னு மட்டும் சொல்றேன்.

இன்னொரு விஷயம் யாரும் கேக்கறதில்ல. 2022 ஜனவரில இருந்து எண்ணெய் கொழுப்புல ட்ரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம். உடம்புக்கு நல்லதுதான், அதுல சண்டையே இல்ல. ஆனா பழைய டால்டா கல்லு மாதிரி நிக்கும், மாவுக்கு நடுவுல தேய்ச்சு மடிச்சா மடிச்ச இடத்துல இருக்கும். புதுசா வர்றது கை சூட்டுக்கே இளகுது. மாவு பிசையற அண்ணனுக்கு அந்தப் பக்குவம் பிடிபட ஒரு வருஷம் ஆச்சு. மாமனார் இன்னைக்கும் ஒரு வர்க்கியை எடுத்து உடைச்சுப் பாத்துட்டு "அந்த மொறுமொறுப்பு இல்ல"ன்னுதான் சொல்லுவார். அவருக்கு பல்லு போனதும் ஒரு காரணம்னு வீட்டுக்காரர் சொல்றார், அது குடும்ப விஷயம் விடுங்க.

அப்புறம் விறகு அடுப்பு. பழைய பேக்கரிங்க எல்லாம் விறகுதான், முந்தின நாளு மாவை கொஞ்சம் எடுத்து வெச்சு அதுலதான் அடுத்த நாளு மாவை புளிக்க வைப்பாங்க. நல்ல விறகு கிடைக்கறதும் கஷ்டம், அடுப்பு முன்னாடி விடிகாலை மூணு மணிக்கு நிக்கறதுக்கு ஆள் கிடைக்கறது அதைவிட கஷ்டம். அதனால சில பேர் கரண்ட் ஓவனுக்கு மாறிட்டாங்க. ருசி மாறுதான்னா மாறுது. குறை சொல்ல எனக்கு மனசு வரல.

புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதுக்கப்புறம் யாவாரம் எப்படி?

இந்த ஊர்ல செஞ்சாதான் இந்தப் பேர்னு அரசாங்கம் தர்ற அங்கீகாரம் அது, ஊட்டி வர்க்கிக்கு 2023ல கிடைச்சுது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதுக்கு முன்னாடியே 2019ல. பெருமையா இருந்துச்சு, போர்டுல எழுதினோம். ஆனா கீழ சமவெளியில மெஷின்ல செஞ்சு பாக்கெட் போட்டு ஊட்டி வர்க்கின்னு விக்கறவனை யார் போய் பிடிக்கறது? பேரைக் காப்பாத்தறதுக்கு கேஸ் போடணும், அலையணும், அதுக்கு சங்கம் பலமா இருக்கணும். பேர் வந்துருச்சு, காசு இன்னும் வரல.

உங்க ஹோம்மேட் சாக்லேட் நிஜமாவே வீட்ல செஞ்சதா?

இந்தக் கேள்விக்கு ஊர்ல பாதி பேருக்கு என் மேல கோவம் வரும், இருந்தாலும் சொல்றேன். மலையில நீங்க வாங்கற ஹோம்மேட் சாக்லேட்ல முக்காவாசி, பெரிய கம்பெனி செஞ்ச காம்பவுண்ட் பாளத்தை வாங்கி, உருக்கி, முந்திரி பாதாம் திராட்சை போட்டு, அச்சுல ஊத்தி ஆற வெச்சது. உருக்கி ஊத்தினது வீட்டுல, அதனால ஹோம்மேட். காம்பவுண்ட்னா கோகோ பவுடர், சர்க்கரை, பால் பவுடர், தாவர கொழுப்பு. நிஜ சாக்லேட்னா கொழுப்பு கோகோ வெண்ணெயா இருக்கணும், வேற தாவர கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, சட்டம் அப்படித்தான் சொல்லுது. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, வாயில வெச்சா நிஜ சாக்லேட் நாக்குல கரைஞ்சு போயிடும், காம்பவுண்ட் கொஞ்சம் மெழுகு மாதிரி மேல் அண்ணத்துல ஒட்டும். எங்க கடையில ரெண்டும் இருக்கு, எது எதுன்னு எழுதி வெச்சிருக்கோம், பத்துல எட்டு பேர் விலையைப் பாத்துட்டு காம்பவுண்ட்தான் வாங்கறாங்க, அதுல தப்பும் இல்ல. ருசியாத்தான் இருக்கும்.

விலை விஷயம் கேட்டீங்கன்னா 2024ஐ எங்களால மறக்க முடியாது. உலகத்துல விளையற கோகோல பாதிக்கு மேல ஐவரி கோஸ்டும் கானாவும்தான், அங்க மழை மாறி, காய் அழுகல் நோயும் வைரஸும் மரத்தைப் பிடிச்சு, விளைச்சல் படுத்துருச்சு. டன்னு ரெண்டாயிரம் மூவாயிரம் டாலர்ல கிடந்தது அந்த வருஷம் பத்தாயிரத்தைத் தாண்டுச்சு. பொள்ளாச்சி ஆனைமலை பக்கம் தென்னைக்கு நடுவுல கோகோ போட்டிருக்கறவங்களுக்கு அது ஒரு நல்ல வருஷம், பக்கத்து ஊர்க்காரங்களுக்கு காசு வந்ததுல சந்தோஷம்தான். எங்களுக்குத்தான் திண்டாட்டம், கால் கிலோ பாக்கெட்டை 200 கிராம் ஆக்கறதா, விலையை ஏத்தறதான்னு ரெண்டு நாளு வீட்ல பேச்சு. எடையைக் குறைச்சா கேக்க மாட்டாங்க, விலையை ஏத்தினா கேப்பாங்க, பெரிய கம்பெனிங்க அஞ்சு ரூவா பிஸ்கட்ல பண்றதும் இதுதானே. நாங்க விலையைத்தான் ஏத்தினோம். அந்த சீசன் யாவாரம் குறைஞ்சுது, மறைக்கல.

அதே 2024 ஏப்ரல் கடைசில ஊட்டில 29 டிகிரி. அதுக்கு முன்னாடி அவ்வளவு வெயில் பதிவானதே இல்ல. எங்க கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள சாக்லேட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, மலையில இருந்துக்கிட்டு முதல் தடவையா ஃபேன் வாங்கினோம்.

கொழுந்து விலை ஏறலைன்னு தேயிலைக்காரங்க போராடறாங்க, ஆனா டீ மட்டும் 15 ரூவா ஆயிருச்சே, நடுவுல யார் தின்னுறா?

இதை நான் ரெண்டு பக்கமும் நின்னு பாத்தவ. எங்கம்மா வீட்ல கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, இங்க புகுந்த வீட்ல டீக்கடை. அதனால கணக்கே போட்டுக் காட்டறேன்.

ஒரு கிலோ டீத்தூள் வரணும்னா நாலு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேணும். ஒரு டீக்கு ரெண்டரை கிராம் தூள்னு வெச்சுக்கங்க, அதுக்கு கொழுந்து 11 கிராம். கொழுந்து கிலோ 20 ரூவான்னா அந்த 11 கிராமுக்கு தோட்டக்காரருக்கு வர்றது 22 பைசா. ஆமாங்க, பைசா. 2023ல கோத்தகிரி பக்கம் எங்க சனம் உண்ணாவிரதம் உக்காந்து கேட்டாங்களே கிலோவுக்கு 33 ரூவா 50 காசு, அதைக் குடுத்திருந்தா 37 பைசா. உங்க டம்ளர்ல கூடுறது 15 பைசா. அதனால கொழுந்து விலை ஏத்தினா டீ விலை ஏறிரும்னு யாராவது சொன்னா, அவங்க டீக்கடை கல்லால உக்காந்ததே இல்லைன்னு அர்த்தம்.

அப்ப மீதி எங்க போகுது? தூளா வாங்கறப்ப ஒரு டீக்கு முக்கா ரூவா வருது. பால்தான் பெரிய செலவு, 2022 நவம்பர்ல ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டே லிட்டர் 48ல இருந்து 60 ஆச்சு, ஒரு டம்ளர்ல 60, 70 மில்லி பால் போகுதுன்னா நாலு ரூவா அங்கயே போச்சு. அப்புறம் சர்க்கரை, கமர்ஷியல் சிலிண்டர், வாடகை, கரண்ட், ரெண்டு ஆள் சம்பளம், டம்ளர் கழுவற தண்ணி. தண்ணி கொதிக்கறதே இங்க வேற கதை, உயரத்துல 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிரும், குன்னூர்ல 94 பக்கம், ஊட்டில இன்னும் ஒண்ணு ரெண்டு கம்மி, சாறு இறங்க நேரம் ஆகும், அதனால நாங்க கீழ இருக்கறவங்களைவிட நிறைய நேரம் அடுப்புல வெக்கறோம், கேஸும் கூட போகும். எல்லாம் போக ஒரு டீல எனக்கு நிக்கறது ரெண்டு ரூவா ரெண்டரை ரூவா. மழை நாள்ல நல்லா நிக்கும், வெயில் நாள்ல கம்மி.

தோட்டக்காரருக்கு ஏன் வரலைங்கறது பெரிய கதை. ஒரு காலத்துல நீலகிரி டீ கப்பல் கப்பலா ரஷ்யாவுக்குப் போச்சு, சோவியத் உடைஞ்சதுக்கு அப்புறம் அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சுது, தொண்ணூறு கடைசில விலை விழுந்துச்சு பாருங்க, எங்கப்பா அந்த வருஷம் கொழுந்து பறிக்காமயே விட்டார், பறிக்கிற கூலிக்குக்கூட கட்டலை. இப்பவும் விலை எப்படி முடிவாகுதுன்னா, ஏலத்துல டீத்தூள் போற சராசரி விலையைப் பாத்து, அதுல 65 பங்கு கொழுந்துக்கு, 35 பங்கு ஃபேக்டரிக்குன்னு டீ போர்டு ஒரு கணக்கு வெச்சிருக்கு. ஏல விலை இறங்கினா கொழுந்தும் இறங்கும். உரம் விலை இறங்குமா, ஆள் கூலி இறங்குமா? இறங்காது. அதுக்காக ஃபேக்டரிக்காரங்களையே முழுசா திட்டவும் முடியல, நம்ம பக்கமும் தப்பு இருக்கு, முத்தின இலையையும் காம்பையும் சேத்து வெட்டி மூட்டை கட்டி அனுப்பினா தூள் எப்படி நல்லா வரும், ஏலத்துல எப்படி ஏறும். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பறிக்க ஆள் வேணும், ஆளுக்கு கூலி வேணும், கூலிக்கு விலை வேணும். விலை வரட்டும் நல்லா பறிக்கறேன்னு இவர், நல்லா பறிச்சு வா விலை தர்றேன்னு அவர், இப்படியே இருபத்தஞ்சு வருஷம் ஓடிருச்சு.

பணம் பாக்கறவங்களும் இருக்காங்க. மெஷின்ல நசுக்கி உருட்டற சாதா சிடிசி தூளை விட்டுட்டு கையால உருட்டின ஆர்த்தடாக்ஸ், வெள்ளை டீ, பனிக்காலத்துல பறிக்கிற ஃப்ராஸ்ட் டீன்னு சின்ன சின்னதா செஞ்சு நேரா பெங்களூர் சென்னைக்கு அனுப்பறாங்க. நல்ல வழிதான், ஆனா அதுக்கு மெஷின் வேணும், இங்கிலீஷ் பேசணும், ஆறு மாசம் கையில காசு இல்லாம தாங்கணும். ஒன்றரை ஏக்கர்காரருக்கு அது மூணும் ஒண்ணா அமையறது அபூர்வம்.

லெமன்கிராஸ் டீ, சங்குப்பூ டீ வெச்சிருக்கீங்களா?

இருக்கு, ஆனா இனிமே அந்தப் பேர் போட முடியாது. 2025 டிசம்பர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சொல்லிருச்சு, தேயிலைச் செடியில இருந்து வந்தாதான் டீன்னு எழுதலாம், புல்லு பூவு வேரு எல்லாம் டீ கிடையாதுன்னு. தேயிலைக்காரர் மகளா எனக்கு இதுல சந்தோஷம். கடைக்காரியா எனக்கு அச்சடிச்ச லேபிள் நானூறு வீணாப் போச்சு.

தண்ணி பாட்டில் ஏன் விக்க மாட்டேங்கறீங்க? குழந்தைக்கு தாகமா இருக்குன்னாலும் இல்லங்கறீங்களே?

விக்கக்கூடாதுங்க, நாங்க பிடிவாதம் பிடிக்கல. நீலகிரில சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு 2019லயே தடை, அப்புறம் ஐகோர்ட் சொல்லி இன்னும் இறுக்கமாச்சு, இப்ப 5 லிட்டருக்குக் கீழ எதுவும் வேணாம்னு செக்போஸ்ட்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. கொடைக்கானல் போனீங்கன்னா பாட்டிலுக்கு 20 ரூவா பசுமை வரி. இங்க ரோட்டோரம் தண்ணி ஏடிஎம் வெச்சிருக்காங்க, எல்லா நேரமும் ஓடுதான்னு கேக்காதீங்க. எங்க கடையில வெந்நீர் சும்மாவே தர்றோம், பாட்டில் கொண்டு வந்தா நிரப்பிக்கங்க.

இதனால எங்களுக்கு போனது தண்ணி பாட்டில் யாவாரம் மட்டும் இல்ல. பேப்பர் கப்புன்னு சொல்றோமே, உள்ள பிளாஸ்டிக் பூசினது, அதுவும் 2019 தடையில சேத்தி. அதனால கண்ணாடி டம்ளர். டம்ளர்னா கழுவ ஆள், வெந்நீர், உடைசல். ஆரம்பத்துல நானும் புலம்பினவதான். ஆனா ஓடையில அடைச்சுக் கிடந்த பாட்டிலை எல்லாம் பாத்தவங்களுக்குத் தெரியும் ஏன்னு. டாஸ்மாக்ல பாட்டிலுக்கு பத்து ரூவா கூட வாங்கிட்டு காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பித் தர்ற திட்டம் 2022 மே மாசம் நம்ம நீலகிரிலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, உடைஞ்ச கண்ணாடி யானை காலைக் கிழிக்குதுன்னு கோர்ட் வரைக்கும் போன விஷயம் அது. இப்ப காட்டோரம் பாட்டில் கிடந்தா அதைப் பொறுக்கி வித்து காசு பாக்க ஆள் இருக்கு. இதுக்கு முன்னாடி ஆயிரம் போர்டு வெச்சும் நடக்காதது பத்து ரூவால நடந்துச்சு.

இ-பாஸ் வந்ததுல உங்களுக்கு நஷ்டமா?

2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிக்கு ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும், கோர்ட் ஆர்டர். அது வெறும் பதிவுதான், கேட்டா கிடைச்சிரும். 2025 சீசன்லதான் எண்ணிக்கையே வெச்சாங்க, நீலகிரிக்கு சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த ஏப்ரல் ஆரம்பத்துல மாவட்டம் பூரா கடையடைப்பு நடந்துச்சு, நாங்களும் அடைச்சோம்.

இப்ப யோசிச்சா என் மனசு ரெண்டாத்தான் இருக்கு. சீசன் ரெண்டு மாசத்துலதான் வருஷத்து கடனை அடைக்கணும், அதுல வண்டி குறைஞ்சா வயித்துல அடிதான். ஆனா வண்டி அளவில்லாம வந்த வருஷங்கள்ல நடந்தது என்ன, மலை ரோட்ல கீழ இருக்கற பர்லியார்ல இருந்து மேல ஏற நாலு மணி நேரம், ஏறி வந்தவங்க களைச்சு நேரா ரூமுக்குப் போயிட்டாங்க, ரோட்ல நின்ன வண்டில இருந்து இறங்கி எவனும் வர்க்கி வாங்கல, எங்க பால் வண்டியும் அதே ட்ராஃபிக்ல மாட்டி பால் திரிஞ்சு வந்துச்சு.

கஃபே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், மலையில ஓடுமா?

மாசம் ரெண்டு பேர் இதைக் கேட்டு வர்றாங்க, பெரும்பாலும் ஐடி வேலையை விட்டுட்டு வர்ற பசங்க. தம்பிங்களா, வியூ இருக்கற இடத்தை முதல்ல பாக்காதீங்க. தண்ணி வருதா, வண்டி நிறுத்த இடம் இருக்கா, கழிவுத் தண்ணி எங்க போகும், இது மூணையும் பாருங்க, அப்புறம் வியூ. மலையில புதுசா கட்டறதுக்கு பர்மிஷன் வாங்கறது லேசுப்பட்டது இல்ல, இருக்கற பங்களாவை வாடகைக்கு எடுக்கறாங்க, வாடகை லட்சத்துல சொல்றாங்க. ஒரு கப்புசினோ 180, 200 வெக்கறது அதனாலதான், பேராசைன்னு நினைச்சேன், ஒரு பையன் கணக்கைக் காட்டினான், பாவமா இருந்துச்சு. காபிக்கொட்டை விலையும் சேந்துக்கிச்சு, பிரேசில்ல வறட்சின்னு 2025 பிப்ரவரில அராபிகா உலக சந்தைல பவுண்டு 4 டாலரைத் தாண்டுச்சு, 1977ல இருந்த பழைய உச்சத்தையே தாண்டின விலை அது.

மே மாசம் கூட்டத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஜூலை மாசம் செவ்வாக்கிழமை, மூணு நாளா மழை, கரண்ட் இல்ல, அன்னைக்கு வந்து ஒரு நாள் முழுக்க நில்லுங்க. அன்னைக்கும் உங்க கடைக்கு வர்றவன் யாருன்னு தெரிஞ்சா ஆரம்பிங்க. எங்களுக்கு அன்னைக்கு வர்றது ஆட்டோக்காரங்களும் பேங்க்ல வேலை பாக்கறவங்களும்தான், அவங்களுக்கு 15 ரூவா டீயும் ரெண்டு வர்க்கியும்தான் வேணும். ஆன்லைன் டெலிவரியை நம்பாதீங்க, கமிஷன் இருபது முப்பது சதவீதம் போகும், அதுவும் இந்த ஏத்தத்துல மழையில பையன் வந்து சேர்றப்ப பீட்சா அப்பளம் மாதிரி ஆயிருக்கும்.

மயோனைஸ் கேட்டா இல்லங்கறீங்க?

பச்சை முட்டைல அடிச்ச மயோனைஸை 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு பூரா ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணாங்க. முட்டை இல்லாதது தாராளமா வெக்கலாம். எங்களுக்கு பன்னுக்கு வெண்ணெய் ஜாம் போதும், அதான் வெக்கல.

மில்லட் ஐட்டம், ஆர்கானிக் எல்லாம் நல்லா போகுதா?

2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு உலகமே கொண்டாடுச்சு, அந்த வருஷம் ராகி குக்கீஸ் கேட்டு நிறைய பேர் வந்தாங்க, நாங்களும் செஞ்சோம். இப்பவும் கொஞ்சம் போகுது. இதுல எனக்கு சிரிப்பு என்னன்னா, இந்த மலையில சாமையும் ராகியும்தான் முன்னாடி வெள்ளாமை, படுகர் வீடுகள்ல ராகி ஹிட்டு, அதான் களி, இல்லாத நாளே இல்ல. அப்புறம் உருளை, கேரட், முட்டைகோஸ்னு வந்துச்சு, அப்புறம் தேயிலை மொத்தத்தையும் மூடிருச்சு. இப்ப நாங்க குக்கீஸுக்கு வாங்கற ராகி கிருஷ்ணகிரில இருந்து லாரில ஏறி வருது. பாட்டி சும்மா கிண்டிப் போட்டதை நான் பாக்கெட் போட்டு 120 ரூவாய்க்கு விக்கறேன், எங்க பாட்டி இருந்தா என்ன சொல்லுவாங்களோ.

ஆர்கானிக்னு வாயால சொல்றதுக்கும் பாக்கெட்ல அச்சடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அச்சடிக்கணும்னா சர்டிஃபிகேட் வேணும். எங்கம்மா வீட்டு கீரைக்கு மருந்தே அடிக்கறதில்ல, ஆனா நான் அதை ஆர்கானிக்னு பாக்கெட்ல போட முடியாது. மருந்து இல்லாததுன்னு உங்ககிட்ட நேர்ல சொல்லுவேன், நம்பறது உங்க இஷ்டம். தேன் வேணும்னா நான் விக்கறதில்ல, கோத்தகிரில கீஸ்டோன்ங்கற தொண்டு நிறுவனக்காரங்க பழங்குடி மக்கள்கிட்ட வாங்கறாங்க, அங்க கேளுங்க.

கொடைக்கானல் பட்டர் ஃப்ரூட் திடீர்னு ஏன் இவ்வளவு விலை?

என் நாத்தனாரை பண்ணைக்காட்டுல கட்டிக் குடுத்திருக்கு, அங்க, தாண்டிக்குடில எல்லாம் காபிக்கு நிழலுக்குன்னு நட்ட மரம் அது. ஆடி ஆவணில பழம் விழுந்து கிடக்கும், கால்ல மிதிச்சுக்கிட்டு போவாங்க, வேணும்னா பால் சர்க்கரை போட்டு அடிச்சுக் குடிப்பாங்க. இப்ப பெங்களூர்ல ப்ரெட் மேல தடவி 400 ரூவாய்க்கு குடுக்கறாங்களாம், அதனால ஏஜெண்டுங்க மரத்தையே பேசி முடிச்சுடறாங்க. ஆனா ஒரு சிக்கல். நம்ம பழம் பெருசு, வழவழன்னு பச்சைத் தோல், பழுத்தா ரெண்டு நாள்ல அழுந்திரும். வெளிநாட்ல இருந்து வர்ற ஹாஸ் ரகம் தடித்த தோல், கறுத்துப் போனாலும் உள்ள கெடாது, அதனால பெரிய கடைங்க தான்சானியா பழத்தைத்தான் அடுக்குறாங்க. தடியன்குடிசை தோட்டக்கலை நிலையத்துலயே டிகேடி 1னு ஒரு ரகம் விட்டிருக்காங்க. நாத்தனார் வீட்டுக்காரர் புதுசா பத்து கன்னு வெச்சிருக்கார், காய்க்கறப்ப இந்த டோஸ்ட் மோகம் இருக்குமான்னு கேட்டேன், "இல்லைன்னா காபிக்கு நிழல் ஆச்சு"ன்னார்.

ஜிஎஸ்டி குறைச்சுட்டாங்களே, நீங்க ஏன் விலை குறைக்கல?

2024 செப்டம்பர்ல கோயமுத்தூர்ல நிதியமைச்சர் கூட்டத்துல ஒரு ஓட்டல் முதலாளி கேட்டாரே, பன்னுக்கு வரி இல்ல, உள்ள க்ரீம் வெச்சா 18, கஸ்டமர் பன்னையும் க்ரீமையும் தனித்தனியா குடு நானே வெச்சுக்கறேங்கறான்னு, ஊரே சிரிச்சுது. 2025 செப்டம்பர் 22ல இருந்து சாக்லேட், பிஸ்கட், கேக்கு எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துருச்சு. சாக்லேட்ல நாங்க குறைச்சோம், பில்லைப் பாருங்க. டீத்தூள் ஏற்கனவே 5தான், அதுல குறைக்க ஒண்ணும் இல்ல. கூல்ட்ரிங்ஸ் 28ம் செஸ் 12மா இருந்ததை ஒண்ணாக்கி 40னு வெச்சுட்டாங்க, கூட்டிப் பாத்தா அதே கதை. உள்ளூர் கலர் சோடாவுக்கும் அதே 40ங்கறதுதான் எனக்கு ஆறல.

எல்லா கடையிலயும் மோமோ வந்துருச்சே?

நேபாளம், வங்காளம் பக்கம் இருந்து சமையல் வேலைக்கு வந்த பசங்க கொண்டு வந்தது. நம்ம ஊரு பசங்க கோயமுத்தூர் திருப்பூர்னு இறங்கிட்டாங்க, எஸ்டேட்ல கொழுந்து பறிக்கவே ஜார்கண்ட்ல இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. சாயங்காலம் குளிர்ல ஆவி பறக்க ஒரு தட்டு, எங்க மிளகா பஜ்ஜிக்கு நேர் போட்டி. எண்ணெயே வேணாம்ங்கறது அவனுக்கு லாபம். எங்களுக்கு பஜ்ஜி எண்ணெயை சோதிக்க மீட்டரோட வர்றாங்க, காய்ச்சிக் காய்ச்சி எண்ணெய் கெட்ட அளவு 25 சதவீதத்தைத் தாண்டினா கொட்டணும், கொட்டறதும் சரிதான். எங்க கடைல வேலை பாக்கற பையன் அசாம்காரன், இப்ப "அக்கா, சக்கரை தூக்கலா ஒண்ணு"ன்னு அவன் தமிழ்ல சொல்றதைக் கேக்கவே ரெண்டு பேர் வர்றாங்க.

ராத்திரி கடைக்கு இரும்பு ஷட்டர் போட்டது திருடனுக்கா?

கரடிக்கு. மர கதவை ரெண்டு தடவை உடைச்சுது. எண்ணெய் டின்னையும் சர்க்கரையையும்தான் தேடும், சாக்லேட்டும் பிடிக்கும். குப்பைல மிச்சத்தைக் கொட்டறது குறைஞ்சா அதுவும் வர்றது குறையும், அதனால மிச்சம் மீதியை இப்ப மாட்டுக்காரர் சாயங்காலமே எடுத்துட்டுப் போயிடறார். ஷட்டர் செலவு 38,000. இதையும் வர்க்கி விலைல சேத்துக்கங்க.

வர்க்கி கூரியர்ல அனுப்புவீங்களா?

அனுப்பறோம், அரை கிலோவுல இருந்து. பிளாஸ்டிக் டப்பா இல்ல, உள்ள பட்டர் பேப்பர், வெளிய அட்டைப்பெட்டி, பெட்டி மேல தயாரிச்ச தேதியும் எங்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் இருக்கும். மழைக்காலத்துல அனுப்ப மாட்டோம், நமுத்துப் போயிடும். எவ்வளவு பத்திரமா கட்டினாலும் கால்வாசி உடைஞ்சுதான் வரும், அதுக்கு காசு திருப்பித் தர முடியாது. உடைஞ்சதை டீல போட்டு ஸ்பூன்ல எடுத்து சாப்பிடுங்க, எங்க வீட்ல குழந்தைங்க முழு வர்க்கியையே உடைச்சுப் போட்டு அப்படித்தான் சாப்பிடுதுங்க.